பதின்மூன்றாவது கோப்பு

அப்பா இறந்து நாற்பது நாள் ஆகிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டும்போது, வழியில் நிறுத்தி அவர் எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் அது வந்த தேதியையும் நேரத்தையும் பெயராக வைத்திருந்தேன்.

என் பழைய மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். அது கோப்பின் பெயரில் 19:10 என்பது போன்ற நேரத்தை ஏற்கும். நான் படிக்கும் மாலைநேரக் கணினி வகுப்பில் இருக்கும் விண்டோஸ், நடுவில் உள்ள இரட்டைப் புள்ளியை ஏற்காது. மடிக்கணினி எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். அதனால் நேற்று, நான் மட்டும் இருக்கும் திண்டுக்கல் அறையில் உட்கார்ந்து, புள்ளிகளையெல்லாம் சிறு கோடாக மாற்றிப் பென்டிரைவில் ஏற்றினேன். இரண்டு முறை எண்ணினேன்.

இன்று வகுப்புக் கணினியில் பதின்மூன்று இருந்தன. கடைசிப் பெயரில் இன்றைய தேதியும் இன்னும் வராத நேரமும்: 19:10. புள்ளிகள் அப்படியே இருந்தன. நான்தான் ஏதோ தப்புச் செய்திருப்பேன் என்று பாடம் எடுக்கும் இஷாக் சாரைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா தமிழ்மதி, இம்புட்டு நாளா என்னத்தப் படிச்ச?" என்றபடி வந்தவர், அதே பெயரில் தானே ஒரு கோப்பை உருவாக்கிப் பார்த்தார். விண்டோஸ் மறுத்தது. என் கோப்பைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"வைரஸா இருக்கும். அழிச்சிரவா?"

"வேணாம் சார்."

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். வகுப்பைப் பூட்ட சார் சாவியை எடுத்தார். மணி ஏழு ஆறு.

"செத்த நேரம் இருங்க சார். நாலு நிமிஷம்தான்" என்று சொல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.