குழாய்க்கு மேலே

“மேல எடுத்த தண்ணியும் கீழ எடுத்த தண்ணியும் எப்படி அண்ணே ஒரே மாதிரி இருக்கும்?” என்று கேட்டாள் லுயாண்டோ.

ஹக்கலீமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ஒரே ஓடைதானே மேடம்.”

லுயாண்டோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோமா நகரத்து நீர்வள அலுவலகத்துக்கு அவள் புதிதாக வந்தவள். நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுநீர்க் குழாய் ஓடையில் விழும் இடத்துக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து அனுப்பும் வேலையை உள்ளூர்க்காரரான ஹக்கலீமாவிடம் ஒப்படைத்திருந்தாள். கீழே எடுத்தது அமிலமேறித் துருநிறத்தில் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மேலே எடுத்ததும் அப்படியே இருந்தால், கெடுத்தது சுரங்கம் இல்லை என்றாகிவிடுமே.

சுரங்கக்காரர்கள் இவரைக் கைக்குள் போட்டுக்கொண்டார்களோ?

அவள் சோல்வேயின் தோட்டத்துக்குப் போனாள். தக்காளி கருகுகிறது, கன்று கழிந்தே செத்துவிட்டது என்று சோமா வரை பஸ் ஏறி வந்து புகார் சொன்னவள் சோல்வேதான். மேல் தண்ணீர் நன்றாக இருந்து கீழ்த் தண்ணீர் மட்டும் கெட்டிருந்தால் அன்றைக்கே குழாயை அடைக்க வைக்கிறேன் என்று லுயாண்டோ அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

“நானே மேல போய் எடுக்கறேன் அக்கா. வழி காட்டுங்க.”

சோல்வே மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. அங்கே ஒரே முள்ளுக்காடு என்றாள். பிறகு, அது மழைத் தெய்வத்தின் இடம், வெளியாள் போகக்கூடாது என்றாள். கடைசியில், சோளமாவில் ன்ஷிமாக் களி கிண்டுகிறேன், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பேசலாம் என்றாள்.

“புகார் கொடுத்ததே நீங்கதானே? இப்ப நீங்களே தடுத்தா எப்படி?”

“கொடுத்தேன். இப்ப வேணாங்கறேன்.”

லுயாண்டோவின் குழப்பம் கோபமாக மாறியது. “உங்களுக்கும் சுரங்கத்துல ஏதாவது கொடுத்தாங்களா?”

“கொடுத்தாங்களே. என் கன்னுக்குட்டியைக் கொன்னு கொடுத்தாங்க.”

லுயாண்டோ பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடைக்கரையோடு மேலே நடந்தாள். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு சோல்வேயும் பின்னால் வந்தாள். ஆள் உயர நாணலுக்கு நடுவே குழாய் இரைந்து கொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு, நாணலை விலக்கி, லுயாண்டோ மறுபக்கம் போய் நின்றாள்.

அங்கே தண்ணீர் இல்லை. காய்ந்து வெடித்த சேற்றில் ஆட்டுப்புழுக்கை கிடந்தது. அதற்கு மேலே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, வெறும் மணல்.

காலிப் பாட்டிலோடு அவள் திரும்பினாள்.

“சுரங்கம் ஆழமாப் போகப் போக ஊத்தெல்லாம் வத்திப்போச்சு” என்றாள் சோல்வே. “ஹக்கலீமாகிட்ட ரெண்டு பாட்டிலையும் கீழயே நிரப்பச் சொன்னது நான்தான். தண்ணியைச் சுத்தம் பண்ணி விடச் சொல்லுன்னு உன்கிட்ட வந்தா, நீ அடைக்கறேங்கற. அந்தக் குழாய்தான் தங்கச்சி, எங்க ஓடை.”