வேண்டுதல் மொட்டை

"நான் உட்கார மாட்டேன்பா. ஓடத்தான் வந்திருக்கேன்" என்றாள் சுபிக்ஷா.

சதர்ன் அவென்யூவில் பனி இன்னும் விலகவில்லை. குழந்தைகளின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் மாரத்தான் அது. சிறுவர்களுக்கான இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் தொடங்க இருந்தது. ஒன்பது வயது சுபிக்ஷாவுக்கு எதிரே, ரிப்பன் கட்டிய சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் அமைப்பாளர் மிதாலி. காரணம், அவளுடைய பளபளக்கும் மொட்டைத் தலை. மங்கி குல்லா அரிக்கிறது என்று அவள் கழற்றியதுதான் வினை.

அப்பா ரஞ்சன் வங்காள மொழியில் பொறுமையாக விளக்கினான். போன வாரம்தான் திருப்பதி போய் வந்தார்களாம். வேண்டிக்கொண்டால் முடி கொடுப்பது வழக்கமாம். இவளுக்கு உடம்பில் ஒன்றுமே இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாராம்.

"மிதாலி தீதி, இது வியாதி மொட்டை இல்லை. வேண்டுதல் மொட்டை."

மிதாலியின் பார்வை ரஞ்சனின் தலைக்கு ஏறியது. அதுவும் மொட்டை. மகளுக்குத் துணையாக அப்பாவும் மழித்துக்கொண்டிருக்கிறார் என்று, குரல் தழுதழுக்க, பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு புகைப்படக்காரர் மண்டியிட்டு, இரண்டு மொட்டைகளையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்தார்.

"நீயாவது சொல்லேன்" என்று மனைவியைப் பார்த்தான் ரஞ்சன்.

"நான் நுனியில கொஞ்சம் பூமுடிதானே குடுத்தேன்? என் தலையைப் பார்த்து யார் நம்புவா?" என்றாள் மாதவி.

சுபிக்ஷாவுக்கு அழுகை முட்டியது. பெரியப்பா முறை வைத்து அவள் கூப்பிடும் மாடி வீட்டு கோஷ் ஜேட்டு, லேக் மார்க்கெட் காபிக்கொட்டைக் கடை சீதாராமன் மாமா என்று தெரிந்தவர்களை எல்லாம் விடாமல் நச்சரித்து நிதி கேட்டிருந்தாள். நடுவில் நிற்காமல் ஓடி முடித்தால்தான் தருவோம் என்பது அவர்கள் பேச்சு. நாற்காலியில் போனால் ஒரு காசு பெயராது.

மிதாலி மசியவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டு, அவளை உட்காரவைத்துச் சால்வையும் போர்த்தினார்.

விசில் ஒலித்தது. பெரியவர்கள் வாக்குவாதத்தை விட்டுத் திரும்பியபோது நாற்காலியில் சால்வை மட்டும் இருந்தது.

மொட்டைத் தலை ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து போய்க்கொண்டிருந்தது. அதைத் துரத்தி இன்னொரு மொட்டை. அதற்கும் பின்னால், காலி நாற்காலியைத் தள்ளியபடி மிதாலி. முதல் திருப்பத்திலேயே ரஞ்சனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவனை அதே நாற்காலியில் உட்காரவைத்துத்தான் முடிவுக்கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் அவனுக்கும் கைதட்டல்.

சுபிக்ஷா எப்போதோ கோட்டைத் தாண்டிவிட்டு, வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

மிதாலி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மாதவியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மொட்டையைக் கண்டதும் வியாதி என்று நினைத்தது தன் முட்டாள்தனம்தான் என்றார். ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம்.

"இவ்வளவு ஆரோக்கியமான குழந்தை. இவளுக்காக அப்படி என்னதான் வேண்டிக்கிட்டீங்க?"

மாதவி மகளின் தலையைத் தடவினாள்.

"கீமோவில கொட்டின முடி மறுபடி முளைச்சா, அந்த முதல் முடி உனக்குத்தான்னு பெருமாள்கிட்ட சொல்லியிருந்தேன்" என்றாள். "முளைச்சுடுத்து."