ஒன்று விட்டு ஒரு குழி

"தம்பி, உங்க கொத்தனார் உங்களை நல்லா ஏமாத்துதாரு. பக்கத்து வீட்டுக்காரிங்கிற அக்கறையில சொல்லுதேன்."

சொன்னவர் மார்கரெட் டீச்சர். பாளையங்கோட்டையில், கட்டி இருபத்தெட்டு வருடமான ஒரு மூன்று மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். கேட்டுக்கொண்டு நின்றவர், பக்கத்து மனையில் புதிதாகக் கட்டடம் எழுப்பும் இன்ஜினியர் கணேஷ்ராம்.

"அப்படி என்ன செய்யுதாரு டீச்சர்?"

"நீங்களே பாருங்க. எங்க கட்டடத்தை ஒட்டி நாலடி நீளத்துக்குத் தோண்டுதாரு. அதுல சுவரைக் கட்டி, மண்ணைப் போட்டு மூடுதாரு. அடுத்த நாலடியைத் தொடுததே இல்ல. தாண்டிப் போயி அங்கன ஒரு குழி. நான் மாடியில இருந்து மூணு வாரமாப் பாக்குதேன். நாளைக் கடத்துததுக்கு இப்படியும் ஒரு வழியா?"

டீச்சருக்கு வம்பு பேசும் பழக்கம் கிடையாது. பயம்தான்.

"ஐப்பசி மழை வாரதுக்குள்ள இந்தப் பள்ளத்தை முடிச்சிருங்க தம்பி. என் படுக்கையறை இந்தப் பக்கந்தான். எங்க வீட்டுக்காரர் காலமெல்லாம் கப்பல்ல கிடந்து வாங்குன வீடு. எங்களுக்குன்னு வேற ஒண்ணும் கிடையாது."

வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளம் வாய் திறந்து கிடந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? கணேஷ்ராம் உடனே கொத்தனாரைக் கூப்பிட்டார்.

பலவேசம் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். சீவலப்பேரிக்காரர். அறுபதை நெருங்கும் வயது.

"என்ன அண்ணாச்சி, ஒரு குழி விட்டு ஒரு குழி. பல்லாங்குழி ஆடுதீயளா? மிஷினை விட்டா ஒருநாள் வேலைதானே?"

"இந்த ஓரத்துல மட்டும் மிஷின் வேண்டாம் சார். மொத்தமாத் தோண்டக் கூடாது. பைய செய்வோம்."

"ஏன் கூடாது?"

பலவேசம் டீச்சரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

காரணம் சொல்லாத ஆளை யார் நம்புவார்கள்? டீச்சர், 'பார்த்தீர்களா' என்பது போல் கணேஷ்ராமைப் பார்த்தார்.

"நீங்க நாளையில இருந்து முன்பக்கத்துத் தூண் வேலையைப் பாருங்க" என்று கணேஷ்ராம் முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் மிஷின் வந்தது. மூன்று வாரம் இழுத்த வேலையை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்தும்விட்டது. டீச்சர் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மூன்று மணிக்குப் படுக்கையறைச் சுவரில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஜன்னல் மூலையிலிருந்து விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். டீச்சர் செருப்புகூடப் போடவில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

எல்லாரும் பள்ளத்தை விட்டு விலகி ஓட, ஒருவர் மட்டும் உள்ளே குதித்தார். பலவேசம்.

"ஏலே, மிஷின்காரன்கிட்ட மண்ணைத் திருப்பித் தள்ளச் சொல்லு. மணல் மூட்டைகளை இங்கன கொண்டாங்க. சவுக்குக் கம்பைச் சுவர்ல முட்டுக்கொடுங்க."

சுவர் சரிந்தால் முதலில் அவர் தலையில்தான் விழும். அவர் மேலே ஏறும்போது பொழுது சாய்ந்திருந்தது. விரிசல் அதற்குமேல் விரியவில்லை.

டீச்சர் அவரிடம் போய் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"உங்களைத் தப்பா நெனச்சிட்டேன் கொத்தனாரே. என் வாயாலதான் இவ்வளவும் வந்தது."

கணேஷ்ராமுக்கோ குழப்பம் தீரவில்லை. "பழைய பிளான்ல உங்க கட்டடத்துக்கு ஆறடி அஸ்திவாரம்னு போட்டிருக்கு டீச்சர். நாங்க தோண்டுனது அஞ்சடி. எப்படி விரியும்?"

"மூணடிதான் இருக்கு சார்" என்றார் பலவேசம். "அதான் கொஞ்சங்கொஞ்சமா, மண்ணு சரியாத மாதிரி சுவர் கட்டிக்கிட்டு வந்தேன்."

"முதல்லயே சொல்ல வேண்டியதுதானே அண்ணாச்சி?"

"டீச்சர் பக்கத்துல நிக்காங்க. சொன்னா பன்னெண்டு வீட்டுலயும் யாராவது தூங்குவாவளா? ஓரத்துச் சுவரைக் கட்டி முடிச்சிட்டா யாருக்கும் தெரியாமலே போயிரும்னு நெனச்சேன். சொல்லியிருக்கணும்."

"மூணடின்னு தோண்டும்போது பாத்தீயளாக்கும்?" டீச்சர் கேட்டார்.

பலவேசம் மண் அப்பியிருந்த உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"இல்ல டீச்சர். உங்க கட்டடத்தைக் கட்டுன முதலாளி அன்னைக்கு, 'மூணடி போதும், மூடுலே'ன்னாரு. எதிர்த்து ஒரு வார்த்தை கேக்காம மூடுன கை இதுதான்."