மை அப்பாத பேனா

ஆறாவது பால்பாயின்ட் பேனாவும் மையை அப்பிவிட்டது. இடது கையால் எழுதிப் பார்த்த சுகந்தியின் உள்ளங்கை ஓரமெல்லாம் நீலம். திருச்செங்கோட்டில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ஞானதாஸ், பொறுமையாக ஏழாவதை எடுத்துக் கொடுத்தார்.

சுகந்தி நான்கு வரி எழுதினாள். கை உரசியும் எழுத்து கலையவில்லை.

“இதுதானுங்க! மை உடனே காஞ்சிருது. ரெண்டு குடுங்க.”

“பொறந்ததுல இருந்தே இடது கைப் பழக்கமுங்களா?”

“இல்லீங்க, நாலு மாசமாத்தான்.”

ஞானதாஸுக்குச் சங்கடமாகிவிட்டது. “அடடா, வலது கைக்கு என்னாச்சுங்க?”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்று வலது கையை நீட்டிப் பேனாக்களை வாங்கிக்கொண்டாள். “எங்க ஊட்டுக்காரருக்கு போர் போடற ரிக் வண்டி வேலையில வலது கை போயிருச்சு. இடது கையில எழுதிப் பழகுங்கன்னு சொன்னேன். ‘நீ எழுதிப் பாரு, அப்பத் தெரியும்’னு கத்துனாரு. அன்னைல இருந்து நானும் வலது கையில எழுதறதில்லீங்க.”

ஞானதாஸ் தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

“இப்ப அவரு எழுதறாருங்களா?”

“நேத்து மொத மொதல்ல என் பேரை எழுதுனாருங்க” என்றாள் சுகந்தி. “நான் எழுதறதைவிட அழகா இருந்துச்சு.”