எட்டுச் செலவுக்கு மீன்குழம்பு

"மீன் திண்டவர்!"

"தின்னேல்லை, தங்கச்சி!"

"எனக்குத் தெரியும் அண்ணை, திண்டவர். அதுவும் உங்கடை வீட்டிலைதான்…"

"என்ரை வீட்டிலை ஒரு முள்ளைக்கூடத் தொடேல்லை எண்டு சொல்லுறன், நீங்கள்…"

"மெல்லமாய்க் கதையுங்கோ. பிள்ளையளுக்குக் கேக்கப்போகுது."

"சத்தம் போட்டது நீங்களெல்லோ!"

குணலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். அவள் கணவர் பரமலிங்கம் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு. பொழுதுபட, இணுவில் வீட்டு விறாந்தையில் அவருடைய படத்துக்கு முன்னால் படையல் வைக்க வேண்டும். செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது முறை. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, வடை, ஒரு சுருட்டு எல்லாம் ஆயத்தம். ஒன்றுதான் குறை. அதற்காகத்தான் கணவரின் உயிர்ச் சிநேகிதர் சிமியோனை வாசலிலேயே மறித்து வைத்திருந்தாள்.

"வீட்டிலை பிலோமினா அக்காட்டைச் சொல்லி ஒரு மீன்குழம்பு வைச்சுக் கொண்டுவாங்கோ, அண்ணை. கலியாணம் கட்டின நாளிலையிருந்து இந்த வீட்டுச் சட்டியிலை மீன் ஏறேல்லை. என்னாலைதான் அந்த மனுசன் ஒளிச்சுத் திண்டது. போற நேரத்திலையாவது குறை வயித்தோடை போகக்கூடாது."

"ஊர் என்ன சொல்லும்? வேதக்காரன் மீன்சட்டியோடை வந்து சைவ வீட்டுப் படையலைப் பழுதாக்கிப் போட்டான் எண்டெல்லோ சொல்லும்!"

"ஊரோ அவரோடை இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினது?"

சிமியோன் தலையில் கை வைத்தார்.

"தங்கச்சி, நாங்கள் சண்டைக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு ஓடிவந்து நாலு வருசம். கடலைக் கண்ணாலை காணேல்லை. சுன்னாகத்திலை ரயில் பாதையோரம் கொட்டிலுக்குள்ளை கிடக்கிறவனுக்கு மீன் எங்காலை?"

"பாத்தீங்களே! செத்த பிறகும் சிநேகிதனைக் காட்டிக் குடுக்கமாட்டியள்." குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவீட்டுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

அதைப் பார்த்துச் சிமியோனும் கொஞ்சம் இளகினார்.

"காட்டிக் குடுக்க அவனிட்டை ஒண்டுமில்லை. அவன் தங்கம். பெடியனாய் இருக்கேக்கை வெங்காயச் சாக்கோடை மயிலிட்டிக்கு வந்து, மழைக்கு எங்கடை மீன்வாடியிலை ஒதுங்கினவன். அண்டைக்குப் பிடிச்ச சிநேகிதம். நாங்கள் உடுத்த உடுப்போடை ஓடிவந்து நிண்டபோது, அந்தக் கொட்டிலுக்குத் தடி வெட்டினதும் அவன், கிடுகு கட்டினதும் அவன். நான் சும்மா நிண்டு அழுதுகொண்டிருந்தன்."

"தங்கம்தான். எனக்குச் சொல்ல வேணுமே? ஒருநாள் என்னை அதட்டிக் கூப்பிட்டதில்லை. பெட்டையளுக்கு இழுத்துப் பின்னினால் நோகுமெண்டு தானே தலை இழுத்துவிடுவார். இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் போன பிறகு துலா மிதிச்சுத் தண்ணி இறைச்சு வெங்காயத்தைக் காப்பாத்தினவர். அந்த வரம்பிலைதான் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்சவர்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனால் மீன் விசயத்திலை கள்ளன்! அவ்வளவு மீன் திண்டும் உடம்பிலை ஒரு பிடி சதை ஒட்டேல்லை, பாத்தீங்களே?"

"எதை வைச்சுத் திண்டவன் எண்டுறியள்?"

"உங்கடை வீட்டாலை வந்தால் நேரே உள்ளுக்கை வரமாட்டார். கிணத்தடிக்குப் போவார். வாளி விழும். பிறகு கனநேரம் தண்ணிச் சத்தம். வாய் கொப்பளிச்சு மணத்தைப் போக்கிப்போட்டுத்தான் படியேறுவார். நான் நித்திரை மாதிரிக் கிடப்பன். கேட்டால் வெக்கப்படுவார் எல்லோ?"

"வாய் கொப்பளிச்சால் மீனோ?"

"அப்ப ஏன் என்னட்டைப் புட்டுக் கட்டுவிச்சவர்? இந்த மாத் தட்டுப்பாட்டிலை எங்கடை வீட்டிலை ராவுக்கு ஆளுக்கு ஒரு குழல் புட்டுத்தான். நானும் பிள்ளையளும் இஞ்சையிருந்து சாப்பிடுவம். அவர் மட்டும் தன்ரை பங்கைத் தொடமாட்டார். 'வாழையிலையிலை கட்டித் தா குணம், சிமியோனோடை இருந்து சாப்பிடுறன்' எண்டு சைக்கிளிலை கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டிடுவார். மீன்குழம்பு இல்லாமல் ஒரு குழல் புட்டைச் சுன்னாகம் மட்டும் ஆர் காவிக்கொண்டு போவினம்?"

சிமியோன் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தார். பிறகு அதை விரித்தார்.

"தங்கச்சி… அந்தப் புட்டு, நீங்கள் எங்கடை பிள்ளையளுக்கெண்டு தந்துவிட்டதெல்லோ?"

"நானோ?"

"அப்பிடித்தான் சொன்னவன். வந்தவுடனை பொட்டலத்தைப் பிள்ளையளின்ரை கையிலை குடுத்திடுவான். 'நான் வீட்டிலை வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வாறன், இது குணம் உங்களுக்கெண்டு கட்டித் தந்தது' எண்டுவான். பிலோமினா உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வெளிக்கிட்டவள். 'ஐயோ, குணத்துக்கு உதெல்லாம் பிடிக்காது, அவவுக்கு முன்னாலை வாய் திறந்திடாதேங்கோ' எண்டு மறிச்சுப்போட்டான். அதாலைதான் நாங்கள் இவ்வளவு நாளும் ஒண்டும் கதைக்கேல்லை."

குணலட்சுமி படத்தைப் பார்த்தாள். பிறகு முற்றத்துக்கு அப்பால் கிணற்றடியைப் பார்த்தாள். துவைகல்லின்மேல் வாளி கவிழ்ந்து கிடந்தது.

"அப்ப… அங்கை நிண்டு அவர் வாய் கொப்பளிக்கேல்லையோ, அண்ணை? தண்ணியோ குடிச்சவர்?"