பிளாட்பாரத்துக்கு ஒரு கூரை

ஸ்டேஷனின் ஒரே சிமெண்டு பெஞ்சில் இளங்கோவனும் மனைவி தெய்வநாயகியும். மூன்றாம் ஆள் உட்காராதபடி நடுவில் அவருடைய தோல்பை. எதிரே, வெயிலேறிய தரையில், நண்டுக் கூடைகளோடு செவ்வந்தியும் குப்பத்துப் பெண்கள் பத்தொன்பது பேரும். வண்டி வர இன்னும் கால் மணி இருக்கிறது. ஸ்டேஷன் திறந்து நாற்பது வருடமாகிறது. டிக்கெட் கவுண்டரையும் உப்புத் தண்ணீர்க் குழாயையும் இந்த பெஞ்சையும் தவிர வேறெதுவும் வரவில்லை. கூரை கேட்டு இளங்கோவன் மனு எழுதியிருக்கிறார். கூரைக்கு ஐம்பது கையெழுத்தாவது இருந்தால்தான் எடுபடுமாம். அவர் ஊரில் சேர்ந்தது முப்பது. விரல் பட்டுவிடாமல் பேனாவை நுனியில் பிடித்து நீட்டுகிறார். செவ்வந்தி பேனாவை வாங்காமல் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

"இன்னா சார், மேல கூரை கேட்டுட்டு, கீழ எங்க கூடைய வண்டில ஏத்தக்கூடாதுன்னு எழுதிக்கிறே?"

"நாத்தம் தாங்கலம்மா," என்கிறாள் தெய்வநாயகி.

"ஞாயித்துக்கெயம கொழம்புல மட்டும் மணக்குதா?" பின்னால் சிரிப்பு வெடிக்கிறது. செவ்வந்தி சிரிக்கவில்லை. இந்த வண்டியை விட்டால் நண்டு உயிரோடு பட்டணம் போய்ச் சேராது. செத்த நண்டை யாரும் வாங்கமாட்டார்கள். "அந்த ஒத்த வரிய அடிச்சிடு சார். இருவது பேரும் போட்றோம்."

இளங்கோவன் தாளைப் பிடுங்குகிறார். காது மடல் சிவந்திருக்கிறது. ஒரு வரியை அடிக்கிறார். கூடை வரியை அல்ல, கூரை வரியை.

"கூரை போட்டா நீங்கதான் மொதல்ல வந்து குந்துவீங்க. கூடைய நிறுத்த முப்பது பேர் போதும்."

தோல்பையிலிருந்து கவரை எடுத்து, தாளை மடித்து உள்ளே வைத்து, எச்சில் தொட்டு ஒட்டுகிறார். வெயிலில் நடந்துபோய், கவுண்டர் சுவரிலிருக்கும் தபால் பெட்டிக்குள் போடுகிறார்.