அமிர்தவள்ளி வாசலில் ஒரு எருமை

“இன்னா பாய் இது? உங்களுக்கு வாசல் இல்லயா? தெனமும் அமிர்தவள்ளிக்கா வாசல்லயே கொண்டாந்து எருமைய கட்றீங்க?”

பனி இன்னும் கலையவில்லை. ஆம்பூர்ப் பக்கமிருந்து தோல் வாடை மெல்ல மிதந்து வந்துகொண்டிருந்தது. ஷூ கம்பெனி வேனுக்குக் கிளம்பிய தேவகி, நசீர் அகமதுவை மறித்துக்கொண்டாள்.

“இங்க நெழல் ஜாஸ்திம்மா” என்றார் அவர்.

“விடியக்காலைல இன்னா நெழல்?”

குழாயடியில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தேவகிக்கு வேகம் வந்தது.

“கொட்டாய்ல நாலு எரும வச்சிருக்கீங்க. அதுல ஜாஸ்தி திங்கறத பாத்து இங்க கட்றீங்க! ஒண்டியா இருக்காங்கன்னா எளப்பமா? தோல் ஷெட்டுல வேல செஞ்சு நெஞ்சு கெட்டவங்க. உங்க எரும சாணிய இவங்க குனிஞ்சு குனிஞ்சு அள்ளணுமா?”

“விடு கண்ணு...” என்றாள் அமிர்தவள்ளி, கதவோரம் நின்று. பயந்து சொல்கிறாள் என்று தேவகி நினைத்தாள்.

நசீர் பாய் எருமையிடம் போனார். கயிற்றை அவிழ்த்தார். எருமை தூக்கத்தில் நடப்பதுபோல அவர் பின்னால் போய்ப் பனிக்குள் கரைந்தது.

ஊர்க் கோடியில், சாணியிலிருந்து கேஸ் எடுக்கும் அரசாங்கத் திட்டத்தில் ஒரு கலன் கட்டியிருந்தார்கள். காலையில் ஒரு கூடை சாணி போட்ட வீட்டுக்குக் குழாயில் கேஸ் வரும். போடாத வீட்டுக்கு வால்வை மூடிவிடுவார்கள்.

விறகுப் புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்த அமிர்தவள்ளி, கேஸ் வந்த முதல்நாள் அடுப்பில் பாத்திரம்கூட வைக்காமல் அந்த நீலச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சத்தமே இல்லாம பூக்குது பாரேன்” என்றாள், கனவில் பேசுகிறவள் போல.

எருமையை அவிழ்த்துப் போன இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வந்த தேவகி அந்த வீட்டுக் கூரையில் புகை எழுவதைப் பார்த்தாள். உள்ளே இருமல்.

“கேஸ் இன்னாச்சுக்கா?”

“மூடிட்டாங்க கண்ணு. கூடை போடலயே.”

“நீங்க மேய்ச்சல் எடத்துலதானே சாணி பொறுக்குவீங்க?”

“நாலடி நடந்தா மூச்சு வாங்குது, அங்க எப்படிப் போறது? பாய் எரும போட்டத அள்ளுவேன். வாசல்ல விழுந்தா வாசக்காரங்களுக்குத்தானே?”

தேவகி அவளருகில் குந்தினாள். “எங்க பசு சாணி ஒரு கூடை தர்றேங்கா.”

“ஐய, வேணாம். இதுவரைக்கும் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல.” அமிர்தவள்ளி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நீண்டது. “பாவம், பாய்க்கு இதெல்லாம் இன்னா தெரியும்?”

தேவகி நேராக நசீர் பாயின் கொட்டாய்க்குப் போனாள்.

“பாய், எருமைய திரும்ப அங்கயே கட்டுங்க.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. உடனே கயிற்றை எடுத்தார். அதில்தான் அவளுக்கு விளங்கியது.

“தெரிஞ்சேதான் கட்னீங்களா? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய்! அவ்ளோ பேர் முன்னால உங்கள கண்டபடி பேசிட்டேனே...”

எருமையின் முதுகைத் தடவியபடி அவர் சொன்னார்:

“அவ்ளோ பேர் முன்னால சொல்லியிருந்தா, அப்புறம் அவங்க அந்தச் சாணியத் தொட்டிருப்பாங்களாம்மா?”